மைய முடியாட்சியின் எழுச்சி: தோக்வில், பெய்க் நூல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை மையப்படுத்தப்பட்ட முடியாட்சிகள் எழுந்த வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வகையில் கூறுகின்றன. மன்னர் நிலக்கிழார்களை அடக்கினார். நிலைப்படை, நிலையான வரி, அலுவலர் ஆகியவற்றைக் கொண்டு நாடு முழுவதையும் தம் ஆணைக்கு உட்படுத்தினார் என்பதே அக்கூற்று. அதற்குத் தலையாய சான்றாகக் காட்டப்படுவது பிரான்சு. அந்நாட்டைப் பற்றிய இரு நூல்களை ஒப்பிட்டு, இக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம். ஒன்று, அலெக்சி தெ தோக்வில் 1856இல் வெளியிட்ட 'பழைய ஆட்சியும் புரட்சியும்'. மற்றொன்று, வில்லியம் பெய்க் லாங்குடாக் மாநிலத்தை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட நூல்.

தோக்வில் கண்ட அரசு

மைய ஆட்சி 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் படைப்பன்று. அது பழைய முடியாட்சி விட்டுச்சென்ற உடைமை என்பது தோக்விலின் அடிப்படைக் கருத்து. அவர் இதற்குக் காட்டும் முதன்மைச் சான்று 'இன்டென்டன்ட்' எனப்பட்ட அரச ஆணையர்கள் ஆவர். ரிஷலியூ காலத்தில், 1630களில் வேரூன்றிய இப்பதவி, 1648இல் ஃபிராண்டு கிளர்ச்சியின் நெருக்கடியால் பெரும்பாலான மாநிலங்களில் திரும்பப் பெறப்பட்டது. கிளர்ச்சி ஓய்ந்தபின் மீண்டும் நிலைபெற்று, 1689இல் பிரித்தானி மாநிலத்தையும் எட்டியது. ஆளும் பொறுப்பு ஆணையரிடம் சென்றது. நிலக்கிழாரிடம் வரிவிலக்கு முதலிய சலுகைகளே எஞ்சின. கடமை நீங்கிய சலுகையே மக்களின் வெறுப்பை வளர்த்தது என அவர் காட்டும் விளக்கம் இன்றும் வலுவிழக்கவில்லை.

ஆயினும், அவர் சான்றுகளை எங்கிருந்து பெற்றார் என்பது நோக்கத்தக்கது. தூர் நகர ஆவணக் காப்பகத்தில் இருந்த ஆணையர் அலுவலகத் தாள்களை அவர் விரிவாகப் பயன்படுத்தினார். ஆணையிடுவோர் எழுதிய மடல்களில் ஆணையே பெரிதாகத் தெரியும். அவ்வாணை நிறைவேற உள்ளூரில் யாருடன் எத்தகைய உடன்பாடு செய்யப்பட்டது என்பது அவற்றில் மங்கலாகவே தெரியும்.

பெய்க் காட்டும் உடன்பாடு

பெய்க்கின் நூல் இவ்விடத்தையே நிரப்புகின்றது. லாங்குடாக்கில் மூவகுப்பினர் அவை வரிக்கு இசைவளிக்கும் உரிமையைப் புரட்சி வரை இழக்கவில்லை. அங்குத் திரட்டப்பட்ட வரிப்பணம் சென்ற வழியை அவர் ஆராய்கின்றார். அதில் ஒரு பகுதி ஊதியம், வட்டி, கொடை எனப் பல பெயர்களில் உள்ளூர் மேலோரிடமே திரும்பியதை எடுத்துக்காட்டுகின்றார். பதினான்காம் லூயியின் வெற்றி மேலோரை நசுக்கியதால் விளைந்ததன்று; அவர்களுக்குரிய பங்கை ஒழுங்குபடுத்தியதால் விளைந்தது என்பது அவர் முடிவு.

நாடறிந்த பிற செய்திகளும் இம்முடிவிற்குத் துணைநிற்கின்றன. அரச பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன; 1604இல் வந்த 'போலெத்' கட்டணத்தின்படி, பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலுத்தியவர் அப்பதவியைத் தம் வழியினர்க்கு விட்டுச்செல்ல முடிந்தது. மறைமுக வரிகளைத் தண்டும் பொறுப்பு குத்தகைக்கு விடப்பட்டது. அரசின் பெருமைக்குச் சான்றாகப் போற்றப்படும் தென்பிரான்சுக் கால்வாய் 1681இல் திறக்கப்பட்டது. அதற்கு முடியரசும் லாங்குடாக் அவையும் பொருளளித்தன. கட்டும் பொறுப்பேற்றுத் தம் பணத்தையும் ஈடுபடுத்திய ரிகே உப்புவரிக் குத்தகையாளர். ஒரே பணியில் மன்னர், மாநில அவை, குத்தகையாளர் ஆகிய மூவரும் இணைந்ததை இங்குக் காண்கின்றோம்.

இரு நூல்களின் எல்லை

பெய்க்கின் முடிவையும் அளவறிந்தே ஏற்றல் வேண்டும். லாங்குடாக், பிரித்தானி, பர்கண்டி போன்ற மாநிலங்களில் அவைகள் நிலைத்தன. நாட்டின் பெரும்பகுதியில் அத்தகைய அவை இல்லை. நாடு முழுமைக்குமான மூவகுப்புப் பேரவையோ 1614-15க்குப்பின் 1789 வரை கூடவேயில்லை. தோக்வில் 18ஆம் நூற்றாண்டையே மிகுதியும் நோக்கினார் என்பதையும் மறத்தல் கூடாது. லாங்குடாக்கின் தனித்தன்மையை அவர் அறிந்தே இருந்தார். ஆனால் அதனை விதிவிலக்காகக் கொண்டு நூலின் பின்னிணைப்பில் வைத்தார். அவர் பின்னிணைப்பில் வைத்த மாநிலமே பெய்க்கிற்கு மையப்பொருளாயிற்று. இரு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போதே உண்மை தெளிவாகின்றது.

இந்தியவியல் நோக்கில்

இவ்விவாதம் நமக்கு அயலானதன்று. சோழர் அரசை வலிமைமிக்க மைய அலுவலர் அமைப்புடையதாக நீலகண்ட சாஸ்திரி 1930களில் விளக்கினார். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் அதனை மறுத்து, நாடுகளின் தன்னாட்சியைச் சான்றாக்கி, அதனைக் கூறுநிலை அரசு என்றார். உள்ளூர் அவை வலுத்திருந்தால் மன்னர் மெலிந்திருப்பார் என்னும் எண்ணம் இத்தகைய விவாதங்களில் எளிதில் நுழைந்துவிடுகின்றது. மைய முடியாட்சியின் தாயகமாகக் கருதப்படும் பிரான்சிலேயே இரண்டும் ஒருங்கே வலுப்பெற்றன என்றால், அவ்வெண்ணத்தை ஆய்வின் தொடக்கமாகக் கொள்ளல் பொருந்தாது. சோழர் பற்றிய முடிவைக் கல்வெட்டுகளே தரல் வேண்டும்; அளவுகோலை மட்டும் நாம் திருத்திக்கொள்ளலாம்.

முடிவுரை

மன்னர் வென்றாரா, நிலக்கிழார் வென்றாரா என்னும் வினா முழுமையானதன்று. இருவரும் உடன்பட்ட இடத்தில் அவ்வுடன்பாட்டின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதே கேட்கத்தக்க வினா. பெருஞ்சுமை உழவர் மீதே விழுந்தது. மேலோரை அரவணைத்து எழுந்த அரசு, கடன் முற்றியபோது அவர்தம் சலுகையில் கைவைக்க இயலாது தடுமாறி, 1789இல் மூவகுப்புப் பேரவையை மீண்டும் கூட்ட நேர்ந்தது. அவ்வரசை உயர்த்திய உடன்பாடே அதன் வீழ்ச்சிக்கும் வழிவகுத்தது எனலாம்.