பரிந்துரைச் சீட்டும் பஸ் டிக்கெட்டும்

எலவனாசூர்கோட்டைக்காரர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், சேலத்திலிருந்து வரும் புதுச்சேரி பஸ் நின்று ஏற்றிக்கொண்டால் நல்லது. இல்லையேல் உளுந்தூர்பேட்டையிலும் விழுப்புரத்திலும் மாறியாக வேண்டும். வைத்தியச் செலவு சொற்பம். வழிச்செலவும் துணைக்கு வருபவரின் கூலியிழப்பும்தான் கையைக் கடிக்கின்றன. இதற்கு உதவியே இல்லை என்பது மிகை. உதவி உண்டு, துண்டு துண்டாக. அவற்றின் தரத்தில்தான் கேள்வி.

விதியின் செம்மையில் முதலிடம் ரயில்வே சலுகைக்கு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழு விலக்கு, காசநோயாளிக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் 75 விழுக்காடு, உடன் வருபவருக்கும் சலுகை. நோய், இடம், துணை மூன்றையும் சேர்த்தே எண்ணிய விதி. ஆனால் எலவனாசூர்கோட்டையில் தண்டவாளம் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இதற்கு நேர்மாறு. மருத்துவத்தை மனத்தில் வைத்து எழுந்ததல்ல. ஆயினும் விண்ணப்பம், சான்றிதழ், அலுவலக அலைச்சல் எதுவும் கேட்காததால் மற்றெல்லாவற்றையும்விட அதிகம் பயன்படுகிறது. குறை அதன் எல்லையில். சாதாரண நகரப் பேருந்தோடு அது நின்றுவிடும். சிறப்பு மருத்துவரோ அதற்கப்பால் இருக்கிறார். கணவன் நோயாளி, மனைவி துணை என்றால் டவுன் பஸ்ஸில் துணைக்கு இலவசம், நோயாளிக்கு டிக்கெட்!

பழங்குடிப் பகுதிக் காசநோயாளிக்கு வழிச்செலவாக 750 ரூபாய் தரும் ஏற்பாடு, தொலைவும் நோயின் ஒரு பகுதி என்று ஒப்புக்கொள்கிறது. கல்வராயன் மலை போன்ற இடங்களை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். ஆனால் சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வது. பணம் வருவதோ ஒரே ஒரு முறை.

கருத்தளவில் இவற்றை விஞ்சியது 2008-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஒய். காப்பீடு. மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறைக்கும் பயணப்படி 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 வரை. தொகை அற்பம்தான். நோயின் பெயரையோ வண்டியின் வகையையோ பாராமல், போய்வந்ததை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது அதன் சாதனை. வெளிநோயாளியை விட்டது அதன் பிழை. 2018-இல் அதன் இடத்துக்கு வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் தொகையை 5 லட்சமாக உயர்த்தியது, பயணப்படியைத் தொடரவில்லை. என் கணிப்பில் இதுவே பெரிய சறுக்கல்.

பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பயணச்செலவுத் திட்டம் மருத்துவரின் பரிந்துரையையும் குறைந்த வருமானத்தையும் மட்டுமே கேட்கிறது. அளவுகோல் சரி, முறை நமக்கு ஒத்துவராது. முதலில் செலவழித்து, ரசீது காட்டி, மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்குவதற்குள் கூலித் தொழிலாளி வட்டி கட்டத் தொடங்கியிருப்பார்.

ஆகவே பரிந்துரைச் சீட்டு எழுதும் மருத்துவமனையிலேயே, எழுதும் அன்றே, நோயாளிக்கும் துணைக்கும் வழிச்செலவை ரொக்கமாகத் தருவதுதான் தேறும். அரசு பஸ்ஸில் இலவச பாஸ் போதாதா என்று கேட்கலாம். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. மலையிலிருந்து வேன் பிடித்து இறங்குபவருக்கும் உதவாது.