அடங்கிய குரலின் ஆற்றல்: ‘சுஜாதா’ திரைப்படப் பாடலொன்றை முன்வைத்து

துயரத்தின் ஆழத்தைக் குரலின் உயரத்தால் அளப்பது பொதுவான இரசனையாக உள்ளது. விம்மலும் உரத்த கதறலுமே உணர்ச்சியெனக் கொள்ளும் இவ்விரசனையை மீளாய்வு செய்யத் தூண்டுவது, பிமல் ரோய் 1959இல் நெறிப்படுத்திய ‘சுஜாதா’ என்னும் ஹிந்தித் திரைப்படத்தின் தொலைபேசிப் பாடலாகும். மஜ்ரூஹ் சுல்தான்புரி இயற்றி, எஸ். டி. பர்மன் இசையமைத்த அப்பாடலைப் பாடியவர் தலத் மஹ்மூத் (1924–1998).

தீண்டத்தகாதோரென ஒதுக்கப்பட்ட சாதியிற் பிறந்து, பிராமணக் குடும்பமொன்றில் வளர்ந்தவள் சுஜாதா. தம் சொந்த மகளுக்கென அக்குடும்பத்தினர் எண்ணியிருந்த அதீர், சுஜாதாவையே விரும்புகின்றான். தொலைபேசியில் அவன் பாட, மறுமுனையில் அவள் பேச்சற்றுக் கண்ணீர் வடிக்கின்றாள்.

தொலைபேசி ஒரு செவிக்கு மட்டுமே உரியது. அங்கு குரலை உயர்த்தின் அந்தரங்கம் பிரகடனமாகிவிடும். தலத்தின் குரலில் இயல்பாகவே மெல்லிய நடுக்கமொன்றுண்டு. குறையெனக் கருதப்படக்கூடிய அதனை, 1950இல் வெளிவந்த ‘ஆர்சூ’ படத்தில் இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ் அவரது தனித்துவமாகவே பயன்படுத்தினார். ‘சுஜாதா’விலும் அந்நடுக்கம் அழுகையாக வெடிப்பதில்லை, சுரத்தினுள்ளேயே அடங்கி நிற்கின்றது. வாத்தியங்களும் குரலை மீறுவதில்லை.

இவ்வடக்கம் வெறும் இசைநயம் அன்று. இக்காட்சியில் துயரத்தின் முழுச்சுமையையும் தாங்குபவள் சுஜாதாவே. வளர்த்தோருக்கு நன்றிக்கடன்பட்ட அவளால் இசையவும் இயலாது, மறுக்கவும் இயலாது. பாடுபவன் கதறியிருப்பின் பாடல் அவனது துயரமாக மட்டுமே முடிந்திருக்கும். அவன் அடங்கிப் பாடுவதனாலேயே அவளது மௌனத்துக்கு இடமுண்டாகின்றது. நூதனின் முகம் அவ்விடத்தை நிரப்புகின்றது.

சாதிக் கொடுமையை எதிர்க்க வேண்டிய இடத்தில் இத்தகைய மென்மை அதனை இனிமையாக்கி விடாதா என்ற வினா எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அக்குறை பாடலைக் காட்டிலும் படத்தின் முடிவுக்கே பெரிதும் பொருந்தும். இறுதியில் வளர்ப்புத் தாயின் உயிரைக் காக்கத் தன் இரத்தத்தை வழங்கிய பின்னரே சுஜாதா மகளாக ஏற்கப்படுகின்றாள். அதாவது, மனிதத் தகுதியை அவள் நிரூபிக்க வேண்டியிருக்கின்றது. பாடலோ அத்தகைய சான்றெதனையும் வேண்டுவதில்லை. வாய் திறக்க இயலாத நிலையில் ஒருத்தி நிறுத்தப்பட்டுள்ளாள் என்பதை மாத்திரம் அது நம்மை உணரச் செய்கின்றது.

எனவே, அடங்கிய குரல் உணர்ச்சியின் வறுமையன்று. பிறர் துயரைத் தனதாக்கிக் கொள்ளாத பண்பே அதன் ஆற்றலாகும். படம் தன் முடிவிற் சொல்லத் தயங்கியதை, அதன் மிகத் தாழ்ந்த குரல் முன்னரே சொல்லிவிட்டது எனலாம்.