புற்றுமண்ணும் இரண்டு பிடிவாதங்களும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போனவர்கள் புற்றுமண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். நெற்றியில் இடுவார்கள், சொறி, சிரங்கு, படைக்குக் குழைத்துப் பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். இதைப் பற்றி இரண்டே பேச்சுதான். ஒன்று, அங்குள்ள கோமதி அம்மன் தந்த மருந்து. மற்றொன்று, மூடநம்பிக்கை. இரு தரப்பும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டையிட்ட நாக அரசர்கள் சங்கனும் பதுமனுமாவது, தீர்ப்பு கேட்டு அம்மனிடம் போனதாகத் தலபுராணம் சொல்கிறது.

மண்ணில் மருந்து இருக்காது என்று சிரிப்பவர்கள் முதலில் சிரிப்பை நிறுத்த வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் மண் நுண்ணுயிரியிலிருந்துதான் கிடைத்தது. இன்று சிரங்குக்கு விழுங்கும் ஐவர்மெக்டின் மாத்திரையின் மூலமும் ஜப்பானில் சடோஷி ஒமுரா திரட்டிய ஒரு மண் மாதிரிதான். அவருக்கு 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் ஒமுரா மண்ணையே பூசச் சொல்லவில்லை. எந்த நுண்ணுயிரி, அது சுரக்கும் எந்தப் பொருள், எவ்வளவு கொடுத்தால் பலன், எவ்வளவு தாண்டினால் கேடு என்று வருடக்கணக்கில் பலர் பிரித்துப் பார்த்த பிறகுதான் அது மருந்தாயிற்று.

‘எனக்குக் குணமாயிற்றே’ என்ற சாட்சியம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. களிமண் கசிவை உறிஞ்சும், குளிர்ச்சி தரும், அரிப்பு சற்று அடங்கும். செலவும் சொற்பம். ஆனால் தோல் நோய்கள் பலவும் ஏறி இறங்கும் குணமுடையவை. உச்சத்தில் இருக்கும்போதுதான் நேர்ச்சை நினைவுக்கு வருகிறது. பிறகு இறங்குவது மண்ணாலா, நோயின் போக்காலா? சாதாரணக் களிமண்ணையும் புற்றுமண்ணையும் ஒரே மாதிரிப் பொட்டலங்களில் கட்டி, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எதுவென்று தெரியாமல் பூசவைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பக்திக்கு இதில் இழுக்கில்லை.

விழுங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. மண்ணில் புழு முட்டை இருக்கலாம், ஈயம் இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இரண்டுமே ஆகாது. திறந்த புண்ணில் அப்பினால் இரண ஜன்னி வரலாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய கேடு, கைநழுவிப் போகும் காலம். தேமல் போல வெளிறி, தொட்டால் உணர்வில்லாத படை தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். மண் பூசிக் காத்திருந்தால் நரம்பு செத்துப்போகும். பிறகு மாத்திரையால் விரலை மீட்க முடியாது. பாம்புக்கடிக்கும் இந்த மண்ணை நம்பிக் காத்திருந்தால், அங்கே கெடு மாதங்கள் அல்ல, மணிக்கணக்குதான். விஷமுறிவு ஊசி போட்டபின் நேர்ச்சை செலுத்த யாரும் தடை சொல்லப்போவதில்லை.

பகுத்தறிவாளரின் கேலிக்கும் ஒரு விலை உண்டு. திட்டு வாங்கியவர் அடுத்த முறை என்ன பூசினேன் என்பதை மருத்துவரிடம் மறைத்துவிடுவார். சிகிச்சை அரைகுறைத் தகவலில் நடக்கும். புற்றுமண் வாங்கும் இடத்திலேயே ஒரு பலகை வைக்கலாம்: பூசுங்கள், ஆனால் திறந்த புண்ணில் வேண்டாம், விழுங்காதீர்கள், படை மரத்திருந்தால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கோயில் நிர்வாகம் இதை எழுதிவைத்தால், எந்த மேடைப் பேச்சையும்விட அதிகம் பேர் நம்புவார்கள்.