டார்ச் வெளிச்சத்தில் தெரியும் பழுது

பழைய எல்சிடி டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றால் பலரும் ‘பேனல் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அறையை இருட்டாக்கி, திரையை ஒட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. போனது பின்னாலிருக்கும் பேக்லைட்தான். காசு செலவில்லாத இந்தச் சோதனை ஒரு டிவியைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும். வீட்டில் பழுது பார்ப்பதன் முழுப் பெருமையும் இப்படிக் காரணத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

குறைகள் தொடங்குவது பழுதைக் கண்டுபிடித்த பிறகு. 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மானிட்டர்களில் தரங்குறைந்த கெப்பாசிட்டர்கள் இருந்தன. பவர் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், படம் வர நேரமாகும். பின்மூடியைக் கழற்றினால் உருளை வடிவக் கெப்பாசிட்டரின் தட்டையான தலை உப்பியிருக்கும். சிலவற்றில் பழுப்பாகக் கசிந்தும் இருக்கும். அதே மைக்ரோஃபாரட், குறையாத வோல்ட், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. முனை மாறாமல் பற்றவைத்தால் பெரும்பாலும் மானிட்டர் பிழைத்துவிடும். ஆனால் உப்பியதை மட்டும் மாற்றுவது அரைவேலை. உப்பாமலே உள்ளே காய்ந்துபோன கெப்பாசிட்டர்களும் உண்டு. அவற்றை ஈஎஸ்ஆர் மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும். ஹீட்சிங்க்கை ஒட்டியிருக்கும் கெப்பாசிட்டர் முதலில் சாவதற்குச் சூடுதான் காரணம். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த 85 டிகிரி கெப்பாசிட்டரைப் போட்டால் பழுது திரும்பி வரத்தான் செய்யும்.

எல்இடி டிவியில் கதையே வேறு. தொடராக இணைத்த விளக்குகளில் ஒன்று அறுந்தால் வரிசை முழுதும் இருண்டுவிடும். அந்த ஒன்றை மட்டும் ஷார்ட் செய்து எரியவைப்பவர்கள் உண்டு. மற்ற விளக்குகளும் அதே வயது, அதே சூட்டில் உழைத்தவை என்பதால் அடுத்தது போக வெகுநாள் ஆகாது. ஸ்ட்ரிப்புகளை மொத்தமாக மாற்றி, பேக்லைட் அளவைக் குறைத்து வைப்பதே சரி. அதற்குக் கண்ணாடிப் பேனலைத் தூக்கி எடுக்க வேண்டும். பெரிய திரையென்றால் இரண்டு பேர் வேண்டும். விளிம்பிலுள்ள மெல்லிய ரிப்பன் கிழிந்தால், டார்ச் சோதனையில் தேறிய பேனல் நம் கையாலேயே செத்துப்போகும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். போன ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றுவது வீட்டையே பணயம் வைப்பது. மெக்கானிக் கடைகளில் பழுதான போர்டுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்கமாட்டார்கள்; 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டியே கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென எரியும், போர்டு தப்பிக்கும். உதிரிப்பாகம் மாற்றும் வித்தை வீடுகளுக்கு வந்து சேர்ந்த வேகத்தில் இந்த ஜாக்கிரதை வந்து சேரவில்லை.

ஆகவே எல்சிடி, எல்இடி வரை வீட்டில் துணிந்து சோதிக்கலாம். பழைய பிக்சர் டியூப் டிவியை மட்டும் தனியாகத் திறக்கக் கூடாது என்றே சொல்வேன். அதன் கோளாறு பல சமயம் ஒரு டிரை சோல்டர்தான், மறுபடி ஈயம் வைத்தாலே தீர்ந்துவிடும். ஆனால் கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறுகிறது, அணைத்த பிறகும் அதில் மின்னேற்றம் நிற்கும். அதை இறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.