முன்னிலைச் சுட்டும் ஒரு குற்றத் திரைப்படமும்: மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

ஆங்கிலத்தின் 'யூ' என்னும் ஒரே வடிவத்திற்குத் தமிழில் 'நீ', 'நீங்கள்' என இரு வடிவங்கள் உள்ளன. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இது பெரும்பாலும் மரியாதை பற்றிய சிக்கலாகவே அணுகப்படுகிறது. ஆனால், ஒரு கதையின் மறைபொருளே இத்தேர்வால் வெளிப்பட்டுவிடும் இடங்களும் உண்டு. ஜான் ஹூஸ்டன் இயக்கி 1941-இல் வெளிவந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் அதற்குத் தக்க சான்றாகும். அதன் உரையாடலைத் தமிழாக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பேச்சே கருவி

இப்படம் டாஷியல் ஹாமெட் 1930-இல் நூலாக வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. அப்புதினம் மாந்தரின் மனவோட்டத்தைக் கூறுவதில்லை. செயலையும் பேச்சையும் மட்டுமே காட்டுகிறது. ஆதலின், அதன் உரையாடலைப் பெரிதும் மாற்றாமல் திரைக்குக் கொண்டுவர ஹூஸ்டனால் இயன்றது. 1946-இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நினோ ஃபிராங்க் 'ஃபிலிம் நுவார்' என்னும் பெயரால் சுட்டிய படங்களுள் இதுவும் ஒன்று.

சான் பிரான்சிஸ்கோ நகரில் துப்பறிவாளன் சாம் ஸ்பேடிடம் ஒரு பெண் வருகிறாள். வொண்டர்லி என்று பெயர் கூறி, தன் தங்கையை மீட்க உதவுமாறு வேண்டுகிறாள். அன்றிரவே ஸ்பேடின் கூட்டாளி ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். பின்னர் அவள் பெயர் லெப்ளாங் ஆகிறது; அதன்பின் பிரிஜிட் ஓஷானசி ஆகிறது. தங்கை என ஒருத்தி இல்லை. அவள் சொன்ன கதையைத் தாங்கள் நம்பவில்லை என்றும், அவள் தந்த 200 டாலரையே நம்பியதாகவும் ஸ்பேடு தெரிவிக்கிறான். அவளுடைய கருவி துப்பாக்கி மட்டுமன்று. தடுமாறும் நாவும் கெஞ்சும் குரலுமே முதன்மையானவை. இப்பாத்திரத்தை ஏற்ற மேரி ஆஸ்டர், மூச்சுத் திணறும் குரலைப் பெறுவதற்காகக் காட்சிக்கு முன் விரைந்து மூச்சிழுத்து விடுவார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஸ்பேடும் அவள் பேச்சை ஒரு நடிப்பாகவே மதிப்பிட்டுப் பாராட்டுகிறான். அவன் அவளை எவ்வளவு நம்புகிறான், எவ்வளவு விரும்புகிறான் என்பது இறுதிக்காட்சி வரை பார்வையாளருக்குத் தெளிவாவதில்லை.

3. தமிழில் நேரும் இடர்

ஆங்கில உரையாடலில் முன்னிலைப் பெயர் மாறுவதில்லை, விளிகளே மாறுகின்றன. 'மிஸ்டர் ஸ்பேடு' என்றவள் 'சாம்' என்கிறாள். அவனோ செல்லச் சொற்களால் அவளை விளிக்கிறான். அத்தகைய சொற்களைத் தன் செயலாளர் எஃபியிடமும் அவன் வழங்குவதால், அவற்றைக் கொண்டு காதலை அளந்தறிய இயலாது. தமிழில் 'அன்பே', 'கண்ணே' என்று பெயர்த்தால் திரைப்பாடலின் சாயல் படியும். அலுவலகச் செயலாளரை அவ்வாறு விளிப்பதும் பொருந்தாது. எனவே விளியின் சுமை முழுவதும் முன்னிலைச் சுட்டின்மேல் விழுகிறது.

அங்கு இரு இடர்கள் உள்ளன. தொடக்கத்திலேயே ஸ்பேடு 'நீ' என்றால், அவன் மனநிலையை மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பாகக் கூறியவராவார். அவன் 'நீ' என்றும் அவள் 'நீங்கள்' என்றும் பேசினால், தமிழ்க் குடும்ப வழக்கில் பரவலாகவுள்ள கணவன் மனைவி உறவின் சாயல் வந்துவிடும். சமவலிமையுடைய இருவரின் போட்டி, பணிந்த பெண்ணொருத்தியின் வேண்டுகோளாகச் சுருங்கும். பெயரை விடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 'சொல்கிறாய்', 'சொல்கிறீர்கள்' என வினைவிகுதி காட்டிக்கொடுத்துவிடும்.

4. ஒரு தீர்வு

முதற் காட்சிகளில் இருவரும் 'நீங்கள்' என்றே பேசுவது தகும். நெருக்கம் தோன்றிய பின்னர் வரும் இடைக்காட்சிகளில், முன்னிலை விகுதி ஏலாத 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்', 'முடியாது' போன்ற வினைகளைக் கையாளலாம். 'உண்மை தெரிய வேண்டும்' என்னும் தொடரில் ஒருமையும் இல்லை, உயர்வுப்பன்மையும் இல்லை. 'உனக்கு', 'உங்களுக்கு' என்பவற்றைச் சூழலே உணர்த்துமாகலின் அவற்றை விட்டுவிடுதலும் இயல்பே. தமிழ் இலக்கணமே தரும் இவ்வசதி, ஆங்கிலத்தின் ஈரடித்தன்மைக்கு நெருங்கிய ஒன்றாகும். எனினும் இதனை அளவறிந்து ஆளாவிடில் உரையாடல் செயற்கையாகிவிடும்.

இறுதிக்காட்சியில் ஆர்ச்சரைக் கொன்றவள் அவளே என்று ஸ்பேடு வெளிப்படுத்துகிறான். அவளைக் காதலிக்கவும் கூடும் என்று ஒப்புக்கொண்டே, காவலரிடம் ஒப்படைக்கத் துணிகிறான். 'நீ' முதன்முதலாக ஒலிக்க வேண்டிய இடம் இதுவே. தமிழில் 'நீ' காதலியையும் சுட்டும். மரியாதை இழந்த குற்றவாளியையும் சுட்டும். இரண்டும் ஒருங்கே நிற்கும் அத்தருணத்தை ஆங்கிலம் செல்லச்சொல்லையும் தண்டனையையும் ஒரே தொடரில் வைத்துக் காட்டுகிறது. தமிழ் ஓரெழுத்து ஒருமொழியால் காட்ட வல்லது. அவளும் அப்போது 'நீ' என்று மறுமொழி கூறுவாளாயின் போட்டியின் சமநிலையும் காக்கப்படும்.

5. முடிவுரை

மின்தூக்கிக் கதவின் கம்பி நிழல் அவள் முகத்தில் விழும்போது படம் தன் தீர்ப்பைக் காட்சியாக வழங்குகிறது. அதற்கு முன்னரே வினைவிகுதி அத்தீர்ப்பை வழங்கிவிடலாகாது. 'நீ'யா 'நீங்களா' என்னும் வினாவை ஒவ்வொரு தொடரிலும் தனித்தனியே முடிவு செய்வது போதாது. கதை முழுமைக்கும் திட்டமிட்டே விடை காண வேண்டும். பின்னணிக்குரல் எழுதுவோர்க்கும் துணையுரை எழுதுவோர்க்கும் இது பொதுவான விதி எனலாம்.