காகிதப் பையில் கொண்டுபோன புத்தகங்கள்

நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் பழுப்புக் காகிதப் பைக்குள் மறைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான் அந்தச் சிறுவன். ஊர் நியூயார்க்கின் ஹார்லெம். காலம் 1940களின் பிற்பகுதி. படிக்கிற பையன் என்று தெரிந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது. அவனுக்குப் பேச்சு குழறும். கேலி செய்தவனை அடித்துவிட்டு வகுப்பில் தண்டனையாகத் தனியே உட்காருவான். அப்படி ஒருநாள் அவன் படித்துக்கொண்டிருந்த காமிக்ஸைக் கிழித்துப்போட்ட ஆசிரியை, பிறகு தன் வீட்டிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிய வால்டர் டீன் மையர்ஸ்.

எழுத்தாளர் என்றால் யாருடைய பாதிப்பு என்று கேட்பது நம் வழக்கம். நடையையும் உத்தியையும் வைத்து அதற்குப் பதில் தேடுவோம். அமெரிக்க இளையோர் நாவலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்வி இங்கே போதாது என்று எனக்குப் படுகிறது. அந்த நாவல்களை எழுதியவர்கள் வாசிப்பிலிருந்து முதலில் பெற்றது நடையை அல்ல, அனுமதியை: உன் தெருவும் கதையாகலாம், உன் வீட்டுப் பேச்சும் அச்சேறலாம் என்கிற அனுமதி.

அமெரிக்க நூலகச் சங்கம் 1957இலேயே இளையோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. ஆனால் பதினைந்து வயதுக்காரர்கள் தங்களை அடையாளம் காணும் புத்தகங்கள் அலமாரியில் குறைவு. ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் எஸ்.இ. ஹின்டன் அந்தக் குறையை நேரடியாக உணர்ந்தார். குதிரைக் கதைகளைப் படித்து, குதிரைக் கதைகளையே எழுதிப் பழகிய பெண் அவர். பதின்பருவத்துக்கு வந்ததும் அலமாரியில் கிடைத்தவையோ, பள்ளி நடனத்துக்கு யார் அழைப்பார்கள் என்று ஏங்கும் பெண்களின் கதைகள். அவர் பள்ளியிலோ பணக்காரப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கும்பல் கட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவிட்டு வீடு திரும்பிய நண்பன் ஒருவன் அடிபட்ட கோபத்தில் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 15. நாவலை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் வாங்கியது ‘டி’ கிரேடு. 1967இல், 18 வயதில், ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளிவந்தது. பெண் எழுதியது என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்று பெயரின் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் நின்றன.

மாசசூசெட்ஸ் செய்தித்தாள் ஒன்றில் வேலை பார்த்த ராபர்ட் கார்மியர் வேறு திசையிலிருந்து வந்தார். பள்ளி நிதிக்காக சாக்லேட் விற்க அவர் மகன் மறுத்தான். அந்தச் சிறு மறுப்பு பெரிதானால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது ‘தி சாக்லேட் வார்’. இருண்ட முடிவை மாற்றச் சொன்ன பதிப்பகங்களுக்கு அவர் இணங்கவில்லை. 1974இல் அந்த முடிவோடுதான் நாவல் வந்தது. இளையோரிடம் உண்மையைச் சொல்லலாம் என்பதற்கு அது ஒரு உறுதிமொழி. அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்துக்குத் தன் சொந்தத் தொலைபேசி எண்ணையே கொடுத்தார். பிள்ளைகள் அந்த எண்ணைச் சுழற்றினார்கள். அவர் எடுத்துப் பேசினார்.

மையர்ஸுக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. பள்ளியும் நூலகமும் தந்த நல்ல புத்தகங்களில் அவரைப் போன்ற கறுப்பினப் பையன் ஒருவனும் இல்லை. படிப்பை விட்டார், 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார், திரும்பி வந்து கிடைத்த வேலைகளைச் செய்தார். பிறகு ஜேம்ஸ் பால்ட்வினின் ‘சன்னிஸ் ப்ளூஸ்’ சிறுகதை கைக்கு வந்தது. அதன் களம் ஹார்லெம். தனக்குத் தேவை என்றே தெரியாதிருந்த அனுமதியை அந்தக் கதை தந்தது என்று, 2014இல் தாம் இறப்பதற்குச் சில மாதங்கள் முன் நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் எழுதினார். 2013இல் அமெரிக்காவில் வந்த சுமார் 3,200 சிறார் நூல்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93 மட்டுமே என்ற விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுமையத்தின் கணக்கை அதில் முன்வைத்தார்.

எழுத்து வாழ்க்கை என்பது பக்கக் கணக்கும்தான். முதல் நாவலின் புகழில் எழுத முடியாமல் முடங்கிப்போன ஹின்டனிடம், தினம் இரண்டு பக்கம் எழுதினால்தான் வெளியே போகலாம் என்று அவரது காதலர் நிபந்தனை போட்டார். 1971இல் வந்த இரண்டாவது நாவல் அந்த இரண்டிரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை. மையர்ஸும் நாளுக்கு இத்தனை பக்கம் என்று வரையறை வைத்திருந்தவர். எழுதத் தொடங்குமுன் பத்திரிகைகளிலிருந்து தன் பாத்திரங்களின் முகங்களை வெட்டி எடுப்பார். மனைவி அவற்றை ஒரே படமாக ஒட்டித் தருவார். அது எழுதும் இடத்துக்கு மேலே சுவரில் தொங்கும். நாவல் முடியும்வரை அந்த முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

1999இல் வந்த ‘மான்ஸ்டர்’ நாவலுக்காக மையர்ஸ் சிறைகளுக்குச் சென்று கைதிகளிடம் பேசினார். கொலை வழக்கில் விசாரணையில் இருக்கும் 16 வயது ஸ்டீவ், தன் வழக்கைத் திரைக்கதையாக எழுதுகிறான். இரவில் நாட்குறிப்பு எழுதுகிறான். திரைக்கதையில் அவன் ‘ஸ்டீவ்’, நாட்குறிப்பில் ‘நான்’. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் அவன் பயமும் குற்றவுணர்வும் கிடக்கின்றன. இளையோர் நூலுக்கான பிரின்ட்ஸ் விருது தொடங்கிய 2000ஆம் ஆண்டில் முதல் விருது இதற்கே கிடைத்தது.

எழுத்தாளர் ஜாக்குலின் வுட்சனின் கதையில் அனுமதி தாழ்ந்த அலமாரியிலிருந்து வந்தது. வரிக்கடியில் விரல் வைத்து, மெல்ல, திரும்பத் திரும்பப் படிக்கும் சிறுமி அவர். வயதுக்குக் கீழான படப்புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்தார்: ஜான் ஸ்டெப்டோ தம் பதின்பருவத்திலேயே உருவாக்கிய ‘ஸ்டீவி’. பக்கமெங்கும் தன்னைப் போன்ற முகங்கள். பெரிய புத்தகம் படி என்று யாராவது அதைப் பிடுங்கியிருந்தால், தன்னைப் போன்றவர்கள் புத்தகத்துக்குள் இருக்க முடியும் என்பதே தெரியாமல் போயிருக்கும் என்று தம் கவிதை நூலான ‘பிரவுன் கேர்ள் ட்ரீமிங்’கில் நினைவுகூர்கிறார். அந்த மெதுவான வாசிப்பின் தாளம் அவரது கவிதை வரிகளில் கேட்கிறது. 2014இல் அந்நூல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது.

எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ் 17 வயதுவரை ஒரு நாவலையும் முழுதாகப் படித்ததில்லை. அவருக்குக் கவிதை என்றால் ராப் பாடல் வரிகள். எழுத்தைக் கைவிட்டுத் துணிக்கடையில் வேலை பார்த்தபோது, மையர்ஸின் மகன் கிறிஸ்டோஃபர் அவரை எழுதச் சொல்லி, அப்பாவின் புத்தகங்களைப் படிக்கத் தூண்டினார். ஹார்லெம் பிள்ளைகள் ஒரு டாலருக்கு ஒரு கட்டடத்துக்கே உரிமையாளர்களாகும் ‘தி யங் லேண்ட்லார்ட்ஸ்’ அவரை மீண்டும் மேசைக்கு இழுத்து வந்தது. 2012இல் மையர்ஸ் ஏற்ற இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதர் பொறுப்பு, 2020இல் ரெனால்ட்ஸுக்கு வந்தது.

மையர்ஸுக்குச் சிறுவயதில் கதை சொன்னவர் அவரது வளர்ப்புத் தந்தை. மகனின் புத்தகங்களைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை; அந்த மௌனம் மகனை வாட்டியது. அவர் இறந்த பிறகுதான், அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது மையர்ஸுக்குத் தெரிந்தது. தான் எழுதியது தன் வீட்டிலேயே ஒருவரை எட்டவில்லை என்று அறிந்தவர், தொடர்ந்து பிள்ளைகள் இருக்கும் பள்ளிகளுக்கும் சிறார் சிறைகளுக்கும் போய்க்கொண்டே இருந்தார். காமிக்ஸைக் கிழித்த கையே பிறகு புத்தகக் கட்டை நீட்டியதை அவர் மறக்கவில்லை.