வெள்ளைக் குயில்

'ராக்' சங்கீதம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கூச்சல்தான். கிதாரும் டிரம்மும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். பாடுகிறவர் இரண்டோடும் மல்லுக்கு நிற்பார் என்பது பொது அபிப்பிராயம். ஆனால் அதே வித்வான்கள் சத்தத்தை இறக்கி வைத்துவிட்டு, நிதானமாக யோசித்துப் பாடுகிற 'பாலட்' என்ற வகையும் உண்டு. 1971-ல் ஜான் லென்னான் போரில்லாத உலகத்தைக் கற்பனை செய்து பாடினாரே, அது இந்த ஜாதி.

தமிழில் அதற்கு நெருங்கிய உறவு என்று நான் சொல்லக்கூடியது, 2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'வெள்ளைப் பூக்கள்'. பாட்டு வைரமுத்துவினுடையது. மெட்டமைத்துத் தாமே பாடியிருப்பவர் ஏ.ஆர். ரஹ்மான். சினிமாவுக்கு வருமுன் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவை நடத்தியவர் அவர். தேர்ந்த பாடகர் யாரையாவது அழைத்திருந்தால் பிருகாக்கள் உதிர்ந்திருக்கும். இங்கே அந்தச் சாதுரியம் எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போல் இருக்கிறது.

பெற்ற தாயைத் தேடி, போர் நடக்கும் இலங்கைக்குப் போகிற தத்துக் குழந்தையின் கதை அது. ஆனால் பாட்டு யாரையும் குற்றம் சாட்டவில்லை. விடியலையும், பூவையும், தாயின் அணைப்பில் கண் விழிக்கும் குழந்தையையும் சொல்கிறது. போர் என்ற சொல் கடைசிச் சரணத்தில்தான் தலைகாட்டுகிறது.

"பூவைப் பாடினால் பீரங்கி நின்றுவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைப் பாட்டே கேட்டுக்கொள்கிறது. கோடிக் கீர்த்தனைகளும் கவிஞன் கோர்த்த சொற்களும் ஒரு துளிக் கண்ணீரின் பொருளைத் தருமா என்று ஒரு சரணம் ஏங்குகிறது. பாட்டுக் கட்டுகிறவரே பாட்டின் எல்லையை ஒப்புக்கொள்ளும் இந்த அடக்கம்தான் என்னைக் கவர்ந்தது.

காஞ்சிபுரத்துக்கு அருகில் திருப்புட்குழியில் பெருமாள் சந்நிதியில் நின்றபோது எனக்கு இந்தச் சரணம் ஞாபகம் வந்தது. புள் என்றால் பறவை. ராவணனோடு போராடி விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். பெருமாளின் திருநாமம் விஜயராகவன். பெயரில் வெற்றி இருக்கிறது. மடியிலோ மாண்ட பறவை. இலங்கைமேல் படையெடுக்குமுன், தன் குலத்தில் பிறக்காத ஒரு பறவைக்கு மகனாக நின்று அவன் கொள்ளி வைத்தான். வெற்றிக்கு முன்னால் துக்கத்துக்கு மரியாதை!

படம் வெளியான அதே 2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கவிஞர் வாக்குப் பலித்தது போலத்தான் இருந்தது. பின்னர் ஒப்பந்தம் சிதைந்தது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டிருந்தார்கள். மாண்டவர்களுக்காக அழவும் இடம் வேண்டும். அது கிடைக்காதவரை போர் முடிந்தது என்று சொல்லலாமே தவிர, ஓய்ந்தது என்று சொல்ல முடியாது.

மனிதர்கள் போர் ஓய்ந்து சாயும் இடத்தில் வெள்ளைக் குயில் ஒன்று கூவாதா என்று பாட்டு கேட்கிறது. குயில் கறுப்பல்லவா, வெள்ளைக் குயில் ஏது என்று முதலில் எனக்கு இது ஒரு குறையாகவே பட்டது. இப்போது அந்த அடைமொழியை எடுத்துவிட மனம் வரவில்லை. கவிஞர் கேட்கும் சமாதானமும் நாம் இன்னும் கண்ணால் காணாத பறவைதானே?